வெள்ளி விடியற்காலை நாலு மணி

அன்பு மகள்,

சம்மாந்துறை பிரயோக விஞ்ஞான பீடத்தில் படித்துக்கொண்டே, நம் வட்டை விவசாயிகளுக்குத் தண்ணீர் முறையைக் குறுஞ்செய்தியாக அனுப்பும் புரோகிராம் எழுதுகிறாய் என்று உம்மா சொன்னா. மிகவும் சந்தோஷம். சேனநாயக்க சமுத்திரத்துத் தண்ணீர் எந்த வாய்க்காலுக்கு எப்போது வரும் என்று தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை ஒவ்வொருவருக்கும் போன் எடுத்துச் சொல்வது லேசான வேலையல்ல.

நேரம் வந்ததும் தானாக ஓட லினக்ஸில் கிரோன் இருக்கிறது. 1979இன் யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே அது உண்டு. எழுத வேண்டியது ஒரே வரிதான்: நிமிடம், மணி, திகதி, மாதம், கிழமை, பிறகு கட்டளை. கட்டளையின் பாதையை முழுமையாக எழுது. நீ தட்டச்சு செய்யும்போது கிடைக்கும் அமைப்புகள் கிரோனுக்குக் கிடைக்காது. தினமும் காலை 6 மணி என்றால் 0 6 * * *.

ஆனால் வாடகை சேர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. நாம் ஐந்தரை மணி முன்னால் இருக்கிறோம். அந்த வரி அங்கே ஓடும்போது இங்கே பகல் 11.30, தண்ணீர் எப்போதோ போயிருக்கும். 30 0 * * * என்று எழுத வேண்டும். கிழமையிலும் பிசகும். வெள்ளி விடியற்காலை 4 மணிக்கு வாரப் பட்டியல் போக வேண்டுமானால், அங்கே அப்போது வியாழன் இரவு 10.30. ஞாயிறு 0 என்பதால் வியாழன் 4. ஆக 30 22 * * 4. பழக்கத்தில் 5 போட்டால் பட்டியல் சனிக்கிழமைதான் வரும்.

இப்படிக் கையால் கழிப்பதைவிட சேர்வரிலேயே கொழும்பு நேர வலயத்தை வைத்துவிடு. 1996 மே மாதம் நம் நாட்டு நேரம் பொது நேரத்துக்கு ஆறரை மணி முன்னால் போனது, அதே ஆண்டு ஒக்டோபரில் ஆறானது, 2006 ஏப்ரலில் மறுபடி ஐந்தரை. இனியொரு முறை மாறினால் வலயக் கோப்பைப் புதுப்பித்தால் போதும்.

வீட்டுக் கணினியை நம்பாதே. 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் இல்லை. தவறிப்போன வேலையைக் கிரோன் திரும்ப ஓட்டாது. சிஸ்டம்டி டைமரில் Persistent=true என்று வைத்தால் அது ஓட்டும். ஆனால் காலைத் தண்ணீர்ச் செய்தி மாலையில் வந்தால் ஒருவர் வீணாக வயலுக்குப் போவார். நேரம் கடந்த செய்தியை அனுப்பாமல் விடு. அனுப்பிய ஒவ்வொரு செய்திக்கும் போன் இலக்கத்தையும் முறைத் திகதியையும் சேர்த்துப் பதிந்து வை. ஏற்கெனவே பதிவிருந்தால் இரண்டாம் தடவை போகக் கூடாது.

வேலை முடிந்ததும் எத்தனை பேருக்குப் போனது, எத்தனை தவறியது என்று வட்டவிதானையின் போனுக்கும் ஒரு செய்தி வரட்டும். அது வராத காலையில் பழையபடி போன் எடுக்க வேண்டும் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவை.

துஆவுடன்,
மாமா