என்ஜின் ஆயிலின் சூட்டைக் கவனியுங்கள்

டீசல் என்ஜின் வைத்து நீர் இறைக்கும் உழவர்கள், என்ஜின் அதிகம் சூடாகிவிடக்கூடாது என்பதில் கவனமாக இருக்கிறார்கள். அது சரியே. ஆனால், போதிய சூடு ஏறாமல் ஓடினாலும் என்ஜின் கெடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சூடு மிஞ்சினால் புகையும் நாற்றமும் உடனே காட்டிக் கொடுத்துவிடும். சூடு குறைந்தாலோ, வெளியில் ஒன்றும் தெரியாமல் லைனரும் ரிங்கும் நாளடைவில் தேய்ந்துபோகும். கடைசியில் பயிருக்குத் தண்ணீர் மிகவும் தேவையான நேரத்தில் என்ஜினைப் பிரித்துப் போட வேண்டியதாகும். இந்த இரண்டு கேடுகளையும் முன்கூட்டியே அறிவிக்கக்கூடியது என்ஜினில் உள்ள ஆயில்தான்.

பந்தயக் காரில் இரண்டு மீட்டர்

பந்தயக் கார்களில் தண்ணீரின் சூட்டைக் காட்ட ஒரு மீட்டரும், ஆயிலின் சூட்டைக் காட்ட இன்னொரு மீட்டரும் வைப்பது வழக்கம். தண்ணீர் சிலிண்டரையும் ஹெட்டையும் சுற்றித்தான் ஓடுகிறது. கிராங்க் பேரிங், பிஸ்டனின் அடிப்பாகம் போன்ற இடங்களுக்குப் போய் வருவது ஆயில். மேலும், தண்ணீர் சீக்கிரம் சூடாகிவிடும். ஆயில் சூடாவதற்கு அதைவிட அதிக நேரம் பிடிக்கும். ஆகவே தண்ணீர் மீட்டரை மட்டும் நம்பி ஓட்டுநர் முழு வேகம் எடுப்பதில்லை. ஆயில் சுமார் 80 டிகிரி சென்டிகிரேடைத் தொடும்வரை பொறுத்திருப்பார். 120 டிகிரியையும் தாண்டி ஏறிக்கொண்டே போனால் வேகத்தைக் குறைப்பார். நம் பம்புசெட் என்ஜினில் இந்த மீட்டர்கள் இல்லை. ஆனால் உள்ளே நடக்கும் வேலை ஒன்றே.

சூடு குறைந்தால் என்ன ஆகும்?

ஒரு லிட்டர் டீசல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. இதில் பெரும்பகுதி புகையோடு போய்விடும். சிறு பகுதி ரிங்குகளின் வழியே கசிந்து ஆயில் தொட்டிக்கு இறங்கும். ஆயில் நல்ல சூட்டில் இருந்தால் அந்த ஆவி மூச்சுக்குழாய் வழியே வெளியேறிவிடும். ஆயில் குளிர்ந்திருந்தால் ஆவி அங்கேயே நீராகி, ஆயிலோடு கலந்து கசடாகும். எரியாத டீசலும் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் சேரும். அளவுக் கம்பியில் ஆயில் மட்டம் கூடியிருந்தால் மகிழ வேண்டாம். டீசல் கலந்து ஆயில் நீர்த்துப்போய்விட்டது என்பதே பொதுவாக அதன் பொருள்.

2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் கந்தகம் மிகக் குறைந்த டீசல் விற்கப்படுகிறது. ஆகவே அமில அரிப்பு முன்போல் இல்லை. ஆனால் தண்ணீரும் எரியாத டீசலும் செய்யும் கெடுதி மாறவில்லை.

கிணற்று நீரை நேரே என்ஜினுக்குள் விட்டு வாய்க்காலில் கொட்டும் முறைதான் இதற்கு முக்கியக் காரணம். 30 டிகிரிக்கும் குறைவான நீர் ஓயாமல் பாய்ந்தால் என்ஜின் ஒருபோதும் உரிய சூட்டை எட்டாது.

சூடு மிஞ்சினால்?

சாதாரண 15 டபிள்யூ 40 ஆயில், 40 டிகிரியில் உள்ளதைவிட 100 டிகிரியில் ஏறக்குறைய ஏழு மடங்கு இளகியிருக்கும். அந்த நிலையிலும் பேரிங்கைக் காக்கும்படிதான் அது தயாரிக்கப்பட்டுள்ளது. அதற்கு மேலும் மிகுதியாகச் சூடேறினால், பேரிங்குக்கும் கிராங்குக்கும் இடையே உள்ள ஆயில் படலம் அறுந்து இரும்போடு இரும்பு உரசும். சூடு ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் ஆயில் கெடும் வேகம் சுமார் இரு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு.

எப்படிக் கண்காணிப்பது?

1. ஒரு மணி நேரம் ஓடிய பிறகு, என்ஜினிலிருந்து வெளியேறும் நீரை ஒரு குவளையில் பிடித்து வெப்பமானியை வைத்துப் பார்க்கவும். 60 முதல் 70 டிகிரி இருந்தால் நல்லது. என்ஜினோடு வந்த புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றவும். கொதிநீரில் கையை விட்டுப் பார்க்கக்கூடாது.

2. என்ஜினை நிறுத்தியவுடன் ஆயில் தொட்டியின் வெளிப்புறத்தை விரலால் தொட்டுப் பார்க்கவும். உள்ளங்கையைச் சிரமமின்றி வைத்திருக்க முடிந்தால் ஆயில் சூடு போதவில்லை. உலோகத் தண்டு உள்ள வெப்பமானி இருந்தால், என்ஜினை நிறுத்திய பிறகு அளவுக் கம்பியின் துளை வழியே விட்டுப் பார்க்கலாம். 80 முதல் 100 டிகிரி வரை சரியான சூடு. கண்ணாடி வெப்பமானியை உள்ளே விடக்கூடாது.

3. தினமும் ஓட்டுமுன் அளவுக் கம்பியை எடுத்துப் பார்க்கவும். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. கூடவே டிரம்மில் நீரும் குறைந்து வந்தால், கேஸ்கட் அல்லது லைனர் கசிகிறதா என்று மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். இரண்டு நிலையிலும் ஆயிலை மாற்றிவிட வேண்டும்.

டிரம் முறை

சூடு குறைவதற்கு நல்ல மாற்று, 200 லிட்டர் டிரம் வைப்பது. சூடான நீர் தானே மேலெழுந்து டிரம்மின் மேற்பகுதிக்குப் போகும். ஆறிய நீர் அடிக்குழாய் வழியே என்ஜினுக்கு இறங்கும். டிரம்மின் அடி, என்ஜினில் நீர் நுழையும் துளைக்கு மேலே இருக்க வேண்டும். மேல்குழாய் டிரம்மை நோக்கி ஏறிச்செல்ல வேண்டும். நடுவில் தொய்வு கூடாது. அதன் வாய் எப்போதும் நீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். 5 குதிரைத்திறன் என்ஜினைச் சில மணி நேரம் ஓட்ட ஒரு டிரம் போதும். நாள் முழுதும் ஓட்டுவோர் இரண்டு வைக்கலாம். ஒரே நீர் திரும்பத் திரும்பச் சுற்றுவதால் உப்புக் கிணறு உள்ள இடங்களில் சுண்ணாம்பு படிவதும் குறையும். சில வேகமான என்ஜின்களுக்கு இம்முறை பொருந்தாது. மெக்கானிக்கைக் கேட்டுச் செய்யவும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

* ஓட்டத் தொடங்கியதும் ஐந்து நிமிடம் குறைந்த வேகத்தில் விட்டு, பிறகு வேகம் கூட்டவும். நிறுத்துமுன் இரண்டு நிமிடம் வேகத்தைக் குறைத்து ஓட்டவும்.

* காற்றால் குளிரும் என்ஜினில், விசிறித் தகடுகளில் அடைந்துள்ள தூசியையும் பதரையும் வாரந்தோறும் துடைக்கவும்.

* சூடு மிஞ்சிய என்ஜின்மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றக்கூடாது, ஹெட் வெடித்துவிடும்.

* ஓடிய மணி, நீரின் சூடு, ஊற்றிய ஆயில் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வரவும்.

* கழிவு ஆயிலைக் கிணற்று ஓரத்திலோ வாய்க்காலிலோ கொட்டக்கூடாது.

ஒரு வெப்பமானியும் ஒரு பழைய டிரம்மும் வாங்கும் செலவு, லைனரும் பிஸ்டனும் மாற்றும் செலவில் சிறு பங்கே. அந்த வேலை முடியும்வரை காயும் பயிருக்கோ ஈடே இல்லை.