பாட்டி கைலியில் கத்தரி வைக்கும் முன்

ஒட்டுத்துணித் தையலில் பயம் ஊசியில் இல்லை, கத்தரிக்கோலில்தான் இருக்கிறது. ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சொல்லிக் கொடுக்கும் தம்பி தங்கைகளிடம் இதைத்தான் பார்க்கிறேன். பை நிறையப் பழைய துணி வரும். "அக்கா, இது பாட்டி பால்மரம் வெட்டப் போனப்ப கட்டுன கைலி. வெட்டி, கெட்டுப் போச்சுன்னா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் பைக்குள்ளேயே வைத்துவிடுவார்கள்.

நியாயமான கேள்விதான். சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் நின்ற இடங்களில் இப்போது செம்பனை நிற்கிறது. லயத்து வீடுகள் பலவும் போய்விட்டன. தோட்டத்தில் வாழ்ந்ததற்கு அடையாளமாகச் சில குடும்பங்களிடம் இருப்பதே இப்படி நாலு துணிதான். கடையில் இன்னொன்று வாங்க முடியாது. அதனால் "சும்மா வெட்டு" என்று நான் சொல்வதில்லை. முதல் குஷன் உறையை வீட்டில் யாரும் தேடாத பழைய சட்டை, தலையணை உறையில் தையுங்கள்.

அட்டையில் 12 செ.மீ. சதுரம் ஒன்று வெட்டுங்கள். அதைத் துணிமேல் வைத்துச் சாக்பீஸால் கோடு போட்டு 16 துண்டுகள் எடுங்கள். நாலு பக்கமும் 1 செ.மீ. தையலுக்குள் போய்விடும், வெளியே தெரிவது 10 செ.மீ. வரிசைக்கு நாலாக நாலு வரிசை சேர்த்தால் 40 செ.மீ. உறைக்கு முன்பக்கம் தயார்.

மிஷினில் ஊசிக்கு வலப்பக்கம் 1 செ.மீ. தள்ளி ஒரு டேப் ஒட்டுங்கள். துணியின் ஓரம் அதை உரசியே போகட்டும். தைக்கும்போது ஊசியைப் பார்க்காதீங்க, டேப்பைப் பாருங்க. கை நடுக்கம் பாதி அங்கேயே அடங்கிவிடும். முதல் வரிசையின் தையல் மடிப்பை இடப்பக்கமும் அடுத்த வரிசையை வலப்பக்கமும் சாய்த்து இஸ்திரி போடுங்கள். வரிசைகளைச் சேர்க்கும்போது மூலைகள் தடிக்காமல் பொருந்தி உட்காரும்.

அளவு என்றாலே தலை சுற்றுகிறவர்களுக்கும் வழி உண்டு. கர்நாடகத்தில் சித்தி இனப் பெண்கள் பழைய துணியில் 'கவந்தி' என்ற போர்வை தைக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். அட்டையும் கிடையாது, மிஷினும் கிடையாது. ஓரத்தில் தொடங்கி, கையில் கிடைத்த துண்டை மடித்து வைத்து, நடுவை நோக்கிக் கையாலேயே தைத்துக்கொண்டு போவார்கள். மூலைகளில் 'பூலா' என்று சின்ன மடிப்புத் துணிப் பூ வைப்பார்கள்.

"ஒட்டுப் போட்டதையா வீட்ல வைக்கிற?" என்று சில அம்மாக்கள் கேட்பார்கள். வறுமையில் ஒட்டுப் போட்டு உடுத்திய தலைமுறை, அவர்கள் அப்படிக் கேட்பது புரிகிறது. கோயில் தேரில் தொங்கும் தொம்பையும் துணிமேல் துணி வைத்துத் தைத்ததுதான் என்று சொல்லிப் பாருங்கள்.

இரண்டு உறை தைத்த பிறகு பாட்டி கைலியை எடுங்கள். துவைத்துக் காயவைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். நைந்த இடம் சல்லடை மாதிரி தெரியும். அதை விட்டுவிட்டு அட்டையை வையுங்கள். ரப்பர் பால் கறை இருந்தால் ஒதுக்க வேண்டாம். அது எப்படித் துவைத்தாலும் போகாது. காய்ந்த பால் தடிப்பாக இருப்பதால் தையல் கோட்டில் மட்டும் வரக்கூடாது. கறை சதுரத்தின் நடுவில் விழும்படி அட்டையை நகர்த்தி வைத்துக் கோடு போடுங்கள்.