கறுப்பு வட்டத்தைப் பார்க்காதீங்க!
(ஏர் பிஸ்டல் – ஆரம்பப் பாடம்)



2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கினாங்க இல்லையா? அதைப் பார்த்தவங்க இப்பவும் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "பிஸ்டல் எவ்ளோ விலை?" என்பதுதான். நான் ரைஃபிள் கிளப்பில் பிஸ்டல் பழகுவது தெரிந்து கேட்கிறார்கள். விலையைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு கேள்வி: சுடும்போது எதைப் பார்க்கணும்?

"இது என்ன கேள்வி, கறுப்பு வட்டத்தைத்தான்!" என்பீர்கள். அதுதான் இல்லை. ஏன் இல்லை என்பதைப் பத்தாம் வகுப்புக் கணக்கை வைத்தே சொல்லிவிடலாம்.

முதலில் அட்டையைத் தெரிந்துகொள்வோம். ஏர் பிஸ்டல் போட்டியில் 10 மீட்டர் தூரத்தில் 17 செ.மீ. சதுர அட்டை. அதன் மையம் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருக்கும். 7 முதல் 10 வரை உள்ள வளையங்கள்தான் கறுப்பு. அந்தக் கறுப்பின் விட்டம் 59.5 மி.மீ. நடுவில் இருக்கும் 10-ஆம் வளையத்தின் விட்டம் வெறும் 11.5 மி.மீ.! சட்டைப் பொத்தான் அளவுதான். அதற்குள்ளேயும் 5 மி.மீ.யில் ஒரு குட்டி வளையம் உண்டு. அதற்கு 'இன்னர் டென்' என்று பெயர்.

குண்டுக்குப் பெல்லட் என்று சொல்வோம். ஈயம், விட்டம் 4.5 மி.மீ. பெல்லட்டின் ஓரம் வளையத்தைத் தொட்டாலே மதிப்பெண் உண்டு. அதனால் 10-ஆம் வளையத்தின் ஆரம் 5.75, பெல்லட்டின் ஆரம் 2.25, இரண்டையும் கூட்டினால் சரியாக 8 மி.மீ. அதாவது பெல்லட்டின் நடு, அட்டையின் மையத்திலிருந்து 8 மி.மீ.க்குள் விழுந்தால் 10. பதினாறுக்குள் 9. இருபத்து நாலுக்குள் 8. முப்பத்திரண்டுக்குள் 7. எட்டாம் வாய்ப்பாடு தெரிந்தால் போதும், ஸ்கோர் போட்டுவிடலாம்!

இப்போ பிஸ்டலுக்கு வருவோம். அதன் மேலே முன்பக்கம் நிமிர்ந்து நிற்கும் சின்னக் கட்டை ஃப்ரண்ட் சைட். பின்பக்கம் வெட்டு விட்ட தகடு ரியர் சைட். அந்த வெட்டுக்குள் ஃப்ரண்ட் சைட் நடுவில் நிற்கணும். இரண்டு பக்கமும் தெரிகிற வெளிச்சம் ஒரே அளவு இருக்கணும். மேல் விளிம்பு இரண்டும் ஒரே கோட்டில் இருக்கணும். இரண்டுக்கும் இடைவெளி சுமார் 32 செ.மீ., அதாவது 320 மி.மீ.

இனி இரண்டு விதமான பிசகைப் பாருங்க.

ஒன்று: சைட் இரண்டும் சரியாக இருக்கு, ஆனால் கை மொத்தமாக 5 மி.மீ. வலது பக்கம் நகர்ந்துவிட்டது. பெல்லட்டும் 5 மி.மீ. தள்ளி விழும். எட்டுக்குள்தானே? அப்போ 10!

இரண்டு: கை நகரவில்லை, ஆனால் மணிக்கட்டு லேசாகத் திரும்பி ஃப்ரண்ட் சைட் வெட்டுக்குள் 1 மி.மீ. ஒதுங்கிவிட்டது. வடிவொத்த முக்கோணம் போடுங்க. 320-க்கு 1 என்றால் 10,000-க்கு எவ்வளவு? 31 மி.மீ.! வாய்ப்பாட்டைப் பாருங்க, 7 தான் கிடைக்கும். அதுவும் மயிரிழையில்.

கை ஐந்து மில்லிமீட்டர் ஆடினால் மன்னிப்பு உண்டு, சைட் ஒரு மில்லிமீட்டர் கோணினால் மூணு மார்க் போச்சு. அப்போ கண் எங்கே இருக்கணும்? ஃப்ரண்ட் சைட்டில்.

"இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என்ன?" என்று கேட்பீர்கள். முடியாது. இப்பவே சோதிக்கலாம். இந்தச் சுவர்ப் பத்திரிகையிலிருந்து நாலு அடி பின்னால் போய் நில்லுங்க (பின்னால் ஆள் இருக்காங்களா என்று பார்த்துக்கொண்டு!). வலது கையை நேராக நீட்டிக் கட்டை விரலைத் தூக்குங்க. நகத்தைக் கூர்ந்து பாருங்க. என் எழுத்து மங்குதா? எழுத்தைப் பாருங்க, நகம் மங்கும். அறிவியல் பாடத்தில் கண்ணின் ஏற்பமைவுத் திறன் என்று படித்தோமே, அதுதான் இது. விழி லென்ஸ் ஒரு நேரத்தில் ஒரு தூரத்துக்குத்தான் தன்னைச் சரிசெய்துகொள்ளும். எனவே ஃப்ரண்ட் சைட் கத்தி முனை மாதிரி தெளிவாகவும், கறுப்பு வட்டம் மேகம் மாதிரி மங்கலாகவும் தெரிந்தால் நீங்கள் சரியாகப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

இன்னொன்று, சைட்டை வட்டத்தின் நடுவில் வைக்கக் கூடாது. கறுப்பில் கறுப்பு தெரியாது. வட்டத்துக்குக் கீழே கொஞ்சம் வெள்ளை விட்டு அங்கே நிறுத்துவோம். பெல்லட் மேலே மையத்துக்குப் போகிற மாதிரி ரியர் சைட்டைத் திருகி வைத்திருப்பார்கள்.

இதை எல்லாம் கேட்டுவிட்டு ரேஞ்சில் நின்றால் முதல் நாள் அதிர்ச்சியாக இருக்கும், ஏன்னா கை ஆடும். எல்லாருக்கும் ஆடும். ஒலிம்பிக் வீரருக்கும் ஆடும், கொஞ்சமாக ஆடும், அவ்ளோதான். புதிதாக வருகிறவர்கள் செய்வது என்னவென்றால், ஆடிக்கொண்டே வந்து சரியான இடத்தில் சைட் தெரிகிற அந்த நொடியில் டிரிக்கரை 'டக்'கென்று இழுப்பார்கள். போச்சு! டிரிக்கரை இழுக்கக் குறைந்தது 500 கிராம் விசை வேண்டும் என்பது விதி. பிஸ்டலின் எடையோ சுமார் ஒரு கிலோ. தன் எடையில் பாதி விசையை ஒரே நொடியில் கொடுத்தால் எந்தப் பொருள்தான் திரும்பாமல் இருக்கும்? சைட் கோணும், முக்கோணக் கணக்கு தன் வேலையைக் காட்டும்.

அதனால் ஆட்டத்தை ஆடட்டும் என்று விட்டுவிட்டு, சைட்டை மட்டும் பார்த்தபடி விரலை மெதுவாக, நேராகப் பின்னால் அழுத்திக்கொண்டே போகணும். எப்போது வெடிக்கும் என்று நமக்கே தெரியக் கூடாது. எங்க கோச் சார் இதைச் சொல்லும்போது, "நீ சுடாதே, அது சுடட்டும்" என்பார். கேட்க வேடிக்கையாக இருக்கும், செய்து பார்த்தால்தான் எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

வெடித்த பிறகும் ஓரிரு நொடி கை அப்படியே நிற்கணும். பெல்லட் நொடிக்கு சுமார் 150 மீட்டர் வேகத்தில் போகும், 10 மீட்டரைக் கடக்க ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்குதான். ஆனாலும் குழாயை விட்டு வெளியேறும் முன்பே கையைத் தளர்த்தினால் ஸ்கோர் குறையும். 'எங்கே விழுந்தது?' என்று எட்டிப் பார்க்கிற ஆசைதான் இதற்குக் காரணம்.

நிற்கும் முறை: உடம்பின் பக்கவாட்டு அட்டையைப் பார்த்து இருக்கும், கால்கள் தோள் அகலம். தலை நேராக, முகம் மட்டும் திரும்பணும். கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கி, பிறகு திறந்து பாருங்க. கை அட்டைக்கு வலப்பக்கம் போயிருந்தால் கையை இழுத்துச் சரிசெய்யக் கூடாது, காலை நகர்த்தணும். கையை இழுத்துப் பிடித்தால் முப்பதாவது குண்டில் தசை பழி வாங்கிவிடும். இன்னொரு கண்ணை இறுக்கி மூடவும் வேண்டாம், ஒரு சின்ன மறைப்பு அட்டை மாட்டிக்கொள்ளலாம்.

ஒரு கைதான் உபயோகிக்கணும். இன்னொரு கை? பேன்ட் பாக்கெட்டில்! இந்த இடத்தில் ஹங்கேரி நாட்டு ராணுவ வீரர் கரோய் டகாச் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1938-ல் கையெறி குண்டு வெடித்து அவருடைய வலது கை, சுடுகிற கை, பாழாகிவிட்டது. இடது கையால் பழகினார். 1948 லண்டன், 1952 ஹெல்சின்கி, இரண்டு ஒலிம்பிக்கிலும் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் தங்கம்!

போட்டியில் 60 குண்டு, 75 நிமிடம், மொத்தம் 600. அதற்கு முன் 15 நிமிடம் பழகிக்கொள்ளத் தருவார்கள். பெண்களுக்கு முன்பு 40 குண்டுதான், 2018 முதல் அவங்களுக்கும் 60. ஒரு குண்டுக்கு ஒண்ணேகால் நிமிடம் என்பது தாராளம். அதனால்தான் பிடித்து ஏழெட்டு நொடிக்குள் வெடிக்கவில்லை என்றால் சுடாமல் கையை இறக்கிவிடச் சொல்கிறார்கள். மூச்சு தீரும், கண் களைக்கும், பிடிவாதமாகச் சுட்டால் 7 தான். என்னைக் கேட்டால் இந்த விளையாட்டில் இதுதான் ரொம்பக் கஷ்டமான பாடம். பிடித்ததை விடுவதற்கு மனசு வராது.

முதல் எட்டு பேர் இறுதிச் சுற்றுக்குப் போவார்கள். பாரிஸில் சரப்ஜோத் சிங் 577 எடுத்தார், ஜெர்மனியின் ராபின் வால்டரும் 577. இன்னர் டென் எண்ணினார்கள். வால்டருக்கு 17, சரப்ஜோத்துக்கு 16. ஒன்பதாம் இடம், வெளியே! ஆனால் அவரே மூன்று நாள் கழித்து மனு பாக்கருடன் ஜோடி சேர்ந்து தென்கொரியாவை 16-10 என்று ஜெயித்து வெண்கலம் வாங்கினார்.

இறுதிச் சுற்றில் தசம மதிப்பெண். அதிகபட்சம் 10.9. ஒவ்வொரு 0.1-க்கும் தூரம் 0.8 மி.மீ. மனு பாக்கர் தனிநபர் இறுதியில் 221.7 எடுத்து வெளியேறியபோது கொரியாவின் கிம் யே-ஜி அவரைவிட 0.1 தான் முன்னால் இருந்தார். வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் நடுவே நம்ம ஜியோமெட்ரி பாக்ஸ் ஸ்கேலின் ஒரு மி.மீ. கோடு கூட இல்லை!

இனி பாதுகாப்பு. பெல்லட் எடை சுமார் அரை கிராம். ½mv² போட்டால் ஐந்தரை ஜூல் அளவுதான் ஆற்றல் வரும். 'இவ்ளோதானா' என்று நினைக்காதீங்க, ஒரு கண்ணைப் பறிக்க அது தாராளம். குழாய் எப்போதும் அட்டைப் பக்கமே. சைட் அட்டைக்கு வரும் வரை விரல் டிரிக்கருக்கு வெளியே. சுடாதபோது குழாய்க்குள் கலர் கயிறு போட்டிருக்கணும், அதைப் பார்த்தால் உள்ளே பெல்லட் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். "ஸ்டாப்" என்று குரல் வந்தால் பாதி அழுத்திய டிரிக்கரையும் விட்டுவிடணும். வெறும் பிஸ்டல் என்று விளையாட்டுக்குக் கூட யார் பக்கமும் நீட்டக் கூடாது. பெல்லட் ஈயம் என்பதால் கை கழுவாமல் டிபன் பாக்ஸைத் திறக்காதீங்க.

சரி, விலை. போட்டிக்கான பிஸ்டல்கள் வெளிநாட்டிலிருந்து வருபவை. புதுசு ஒன்று லட்ச ரூபாயைத் தாண்டும். எங்க செட்டில் ஒருவனுடைய அப்பா, அம்மாவின் சங்கிலியை அடகு வைத்தாவது வாங்கித் தருவேன் என்று கிளப்புக்கே வந்துவிட்டார். கோச் சார் அவரை உட்கார வைத்து, "ஆறு மாசம் போகட்டும் சார், கிளப் பிஸ்டலிலேயே சுடட்டும்" என்று அனுப்பிவிட்டார். காரணம் சரியானது. பிஸ்டலின் மரப்பிடி கை அளவுக்குத் தக்கபடி வரும், சின்னது, நடுத்தரம், பெரியது என்று. நம்ம வயசில் கை வளர்ந்துகொண்டே இருக்கு. இன்று பொருந்துவது அடுத்த வருஷம் இறுக்கும். அவன் இன்னமும் கிளப் பிஸ்டலில்தான் சுடுகிறான், நன்றாகவே சுடுகிறான். சங்கிலியும் வீட்டில் இருக்கு.

பழைய பிஸ்டல் மலிவாகக் கிடைத்தால் அதன் காற்றுச் சிலிண்டரில் பொறித்த தேதியைப் பாருங்க. 200 பார் அளவுக்குக் காற்று அடைக்கிற பொருள் அது. பல கம்பெனிகள் அதற்கு 10 வருஷம்தான் ஆயுள் என்கின்றன. 4.5 மி.மீ., 20 ஜூலுக்குக் குறைவான ஏர் பிஸ்டலுக்கு 2016-ஆம் ஆண்டு படைக்கல விதிகளின்படி லைசென்ஸ் வேண்டாம். அதற்காக ஸ்கூல் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகலாம் என்று அர்த்தம் இல்லை! பெட்டியில் பூட்டி, பெரியவர்களோடு எடுத்துப் போகணும்.

செலவில்லாமல் இன்றைக்கே ஆரம்பிக்க ஒரு வழி உண்டு. ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலை நிரப்பினால் ஒரு கிலோ, கிட்டத்தட்ட பிஸ்டல் எடை. பக்கவாட்டில் நின்று, ஒரு கையால் நீட்டி, பாட்டில் மூடியின் ஓரத்தையே பார்த்தபடி 20 நொடி பிடியுங்க. ஒரு நிமிடம் ஓய்வு. பத்து தடவை. தோள் எரியும், வலி குத்தலாக இருந்தால் நிறுத்திவிடுங்க. ஒரு மாதம் விடாமல் செய்தவர்கள் பி.டி. சாரிடம் பெயர் கொடுத்துவிட்டு, அப்பா அம்மா கையெழுத்தோடு ஒரு சனிக்கிழமை என்னுடன் ரேஞ்சுக்கு வரலாம். கிளப்பில் சேர வயதுச் சான்றும் இரண்டு போட்டோவும் கேட்பார்கள். ஷூ கணுக்காலை மூடாததாக இருக்கணும், நம்ம ஸ்கூல் கேன்வாஸ் ஷூவே போதும்.