வளர்க்க வந்த பிள்ளை

பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் ஒரு சிறுமி வளர்கிறாள். அவளுடைய அம்மாவுக்கு நோய். குணமாகும்வரை பெரியம்மா வளர்ப்பார். இது தத்து அல்ல. குழந்தைகள் நலக் குழு ஆணை கொடுத்துள்ளது.

"அரசு பணம் தருகிறதாமே, பெரியம்மா?" என்று கேட்டேன்.

"மிஷன் வாத்சல்யா திட்டத்தில் 2022 முதல் மாதம் 4000 ரூபாய். அது எனக்குக் கூலி இல்லை. பிள்ளையின் செலவுக்கு."

கணக்கு நோட்டைக் காட்டினார்.

சாப்பாடு – 2200
பால், பழம் – 700
பள்ளிச் செலவு – 600
துணி, சோப்பு – 400
மருந்து – 500
மொத்தம் – 4400

"400 ரூபாய் இடிக்கிறதே!"

"அதை நான் போடுகிறேன். பணம் வரத் தாமதமானாலும் பிள்ளைக்குப் பசிக்குமே? அதற்கும் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறேன்."

"நானும் ஒரு பிள்ளையை வளர்க்கலாமா?"

"முதலில் கணக்குப் போடு. பிறகு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரி."

உங்கள் வீட்டில் ஒரு குழந்தைக்கு மாதம் எவ்வளவு செலவாகும்? எழுதிக் கூட்டுங்கள்.