காரின் சைலன்சர் சத்தம் போடுகிறதா?

திருவனந்தபுரம் கடலோர நகரம். சங்குமுகம், வலியதுறை, விழிஞ்ஞம் பக்கம் எப்போதும் உப்புக் காற்று வீசும். ஜூனில் ஒரு மழைக்காலம். அக்டோபரில் இன்னொரு மழைக்காலம். உப்பும் ஈரமும் சேர்ந்தால் இரும்பு துருப்பிடிக்கும். வீட்டுச் சன்னல் கம்பியைப் பார்த்தாலே இது தெரியும்.

காரின் அடியில் உள்ள புகைக்குழாயும் சைலன்சரும் அப்படித்தான். துரு அரித்து ஓட்டை விழும். கார் "டர்ர்" என்று கத்தும்.

சைலன்சர் என்ன செய்கிறது?

எஞ்சினுக்குள் பெட்ரோல் எரிகிறது. புகை வேகமாக வெளியே பாய்கிறது. அதனால் பெரிய சத்தம் உண்டாகிறது. சைலன்சருக்குள் தடுப்புத் தகடுகளும் துளையிட்ட குழாய்களும் உண்டு. புகை அவற்றில் மோதி மோதி வேகம் குறைகிறது. சத்தமும் அடங்குகிறது.

சைலன்சர் உள்ளிருந்தும் துருப்பிடிக்கும். 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர் ஆவியாக வரும். கார் நெடுந்தூரம் ஓடினால் குழாய் சூடாகி ஈரம் காய்ந்துவிடும். கரமனைக்கும் சாலை பஜாருக்குமாகக் கொஞ்ச தூரமே ஓடினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

சத்தம் மட்டுமா ஆபத்து?

இல்லை. புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. குழாயில் ஓட்டை இருந்தால் அது காருக்குள் வரலாம். தலை வலிக்கும், சுற்றும். வாந்தி வரும். தூக்கம் வருவதுபோல் இருக்கும். கவனிக்காவிட்டால் உயிரே போகும். இப்படி ஏதாவது தோன்றினால் உடனே காரை நிறுத்துங்கள். எல்லோரும் இறங்கி நல்ல காற்றுள்ள இடத்துக்குப் போங்கள். மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

காரைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விடாதீர்கள். ஹேண்ட்பிரேக் போடுங்கள். சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுங்கள். குழாய் நன்றாக ஆறியிருக்க வேண்டும்.

1. எஞ்சினை ஓடவிடாமல் குனிந்து பாருங்கள். இணைப்புகளில் கரி படிந்திருந்தால் அங்கே புகை கசிகிறது.

2. சைலன்சரை மெல்ல அசைத்துப் பாருங்கள். உள்ளே "கடகட" என்றால் தடுப்புத் தகடு உடைந்திருக்கலாம். முழுச் சைலன்சரும் ஆடினால் தொங்கவிடும் ரப்பர் அறுந்திருக்கும், அல்லது கிளாம்ப் தளர்ந்திருக்கும்.

3. இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு ஒருவரை எஞ்சினை ஓடவிடச் சொல்லுங்கள். பக்கத்தில் இருந்து பாருங்கள். நுரை பொங்கும் இடத்தில் கசிவு உண்டு. எஞ்சின் ஓடும்போது காருக்கு அடியில் புகாதீர்கள்.

4. சத்தத்தைக் கேளுங்கள். காலையில் எஞ்சின் பக்கம் "டிக் டிக்" என்று கேட்டு, சூடானதும் குறைந்தால், அங்குள்ள கேஸ்கெட்டில் கசிவு இருக்கலாம். பின்பக்கம் "டர்ர்" என்றால் சைலன்சரில் ஓட்டை இருக்கலாம்.

நாமே செய்யக்கூடியவை

தளர்ந்த கிளாம்பை ஸ்பேனரால் முடுக்கலாம். அறுந்த ரப்பரை மாற்றலாம். குழாயில் சிறு ஓட்டை என்றால் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். வெப்பம் தாங்கும் பசையைப் பூசுங்கள். மேலே தகரத் தகட்டைச் சுற்றி, இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். இது சில நாள் தாங்கும். பட்டறைக்குப் போகும்வரை போதும்.

அடியில் படுத்து வேலை செய்ய வேண்டுமா? ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். உறுதியான ஸ்டாண்டு போடுங்கள். ஜாக்கி நழுவினால் கார் உங்கள் மேல் விழும்.

பட்டறையில் செய்ய வேண்டியவை

பெரிய ஓட்டை, கேஸ்கெட் கோளாறு, வெல்டிங் வேலை ஆகியவற்றை மெக்கானிக்கிடம் விடுங்கள். பெட்ரோல் டாங்குக்குப் பக்கத்தில் வெல்டிங் பொறி பறந்தால் தீப்பிடிக்கும். "எங்கே கசிகிறது?" என்று மெக்கானிக்கைக் காட்டச் சொல்லுங்கள். கிளாம்ப் மட்டும் தளர்ந்திருந்தால் புதுச் சைலன்சர் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒவ்வொரு மோட்டார் வாகனத்துக்கும் சைலன்சர் வேண்டும். இது 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருக்கிறது. சிலர் வேண்டுமென்றே சைலன்சரை வெட்டிச் சத்தத்தைக் கூட்டுகிறார்கள். அது குற்றம். 2019இல் திருத்திய சட்டப்படி, முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

நினைவில் வையுங்கள்

சத்தம் ஓர் எச்சரிக்கை. ரேடியோவைக் கூட்டி வைத்து அதை மறைக்காதீர்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை காரின் அடியைக் குனிந்து பாருங்கள்.

பதில் எழுதுங்கள்

1. சைலன்சர் உள்ளிருந்து ஏன் துருப்பிடிக்கிறது?
2. ஷெட்டுக்குள் எஞ்சினை ஏன் ஓட விடக்கூடாது?
3. நீங்கள் போகும் வண்டியில் பலத்த சத்தம் கேட்கிறது. உங்களுக்குத் தலையும் சுற்றுகிறது. ஓட்டுநரிடம் என்ன சொல்வீர்கள்?