கேக் நம் பலகாரமா?

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே கேக் செய்து அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்க ஆசை. ‘பேக்கரியில் வாங்கினால் போதாதா? கேக் என்ன நம் பலகாரமா?’ என்கிறார்கள் வீட்டில். - வாசகி, கொரட்டூர்

பதில்: தாராளமாகச் செய்யுங்கள். இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் 1883-ல் தலைச்சேரியில் மாம்பள்ளி பாப்பு சுட்டது என்பார்கள். மர்டாக் பிரவுன் என்ற வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி மாதிரிக்கு ஒரு சீமை கேக்கைக் கொடுக்க, பாப்பு உள்ளூர்ச் சாராயம் சேர்த்துச் செய்தாராம். 140 வருடம் இங்கே வெந்த பண்டத்தை அந்நியம் என்று எப்படித் தள்ளுவது? பேக்கரி கேக் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் தீபாவளிக்கு அதிரசம் வந்த தட்டை வெறுமனே திருப்பித் தரமாட்டோமே, அந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு வீட்டுக் கைப்பக்குவம்தான் பொருத்தம். எதிர்வீட்டு மாமி முட்டை தொடமாட்டாரே என்றால், தயிரும் சமையல் சோடாவும் போதும். தயிரின் புளிப்பு சோடாவோடு சேர்ந்து கரியமில வாயுவைக் கிளப்பும், மாவு உப்பும். கலந்ததும் அடுப்பேற்றிவிடுங்கள், தாமதித்தால் வாயு போய்விடும். நடுவில் ஈர்க்குச்சியைக் குத்தி, மாவு ஒட்டாமல் வந்தால் இறக்கலாம். முந்திரி, முட்டை சேர்த்திருந்தால் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டுக்குச் சுண்டல் கொண்டுபோங்கள்.