தம்பி, அந்த நாற்காலி யாருடையது?

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சாரண ஆசிரியராகப் பொறுப்பேற்று மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் மாவட்டக் கூட்டத்துக்குப் போய்வந்து தலை சுற்றுகிறது என்கிறாய். மேடையில் புரவலர், தலைவர், துணைத் தலைவர், முதன்மை ஆணையர், பயிற்சி ஆணையர், செயலர், பொருளாளர் என்று ஏழு பேர். "இதில் யார் அக்கா பெரியவர்? மாவட்டத்திலேயே இப்படி என்றால் டெல்லியில் எப்படி இருக்கும்?" என்று கேட்டிருக்கிறாய். கேட்டதோடு விட்டாயா, அடுத்த வரியிலேயே பதிலும் எழுதிவிட்டாய்: குடியரசுத் தலைவர்தான் புரவலர், அதனால் அவர்தான் எல்லோருக்கும் மேல் என்று. சின்ன வயதிலும் நீ இப்படித்தான். கேள்வித்தாளை முழுசாகப் படிப்பதற்குள் விடை எழுத உட்கார்ந்துவிடுவாய்.

பாரத சாரணர் சாரணியர் இயக்கத்தின் புரவலர் குடியரசுத் தலைவர். மாநிலத்தில் ஆளுநர். அதுவரை நீ சொன்னது சரி. ராஷ்டிரபதி விருதும் அந்தப் பதவியின் பெயரில்தான் வருகிறது. ஆனால் இயக்கத்தை நடத்துவது அந்த நாற்காலி இல்லை. நம் ஊர்க் கோயில் கொடையை நினைத்துப் பார். பரிவட்டம் கட்டிக்கொண்டு முன்னால் நிற்பவர் ஒருவர். வரி பிரித்து, பந்தல்காரருக்கு முன்பணம் கொடுத்து, வரவு செலவு நோட்டைக் கையில் வைத்திருப்பவர் இன்னொருவர். பரிவட்டக்காரரிடம் போய்ப் பந்தல் கணக்கு கேட்டால் அவர் என்ன சொல்வார்? புரவலர் என்பது மரியாதை. அந்த மரியாதை வேண்டியதுதான். ஆனால் பாத்தியதை வேறு இடத்தில் இருக்கிறது.

அது எங்கே இருக்கிறது என்று தேட, சட்டத்தில் ஆரம்பி. நம் இயக்கம் 1860-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான ஒரு சங்கம். நீ முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. பரவாயில்லை, கேள். குறைந்தது ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கம் பதிவு செய்யலாம் என்கிறது அந்தச் சட்டம். சங்கத்தை நிர்வகிக்கும் பொறுப்பை அதன் விதிகள் யாரிடம் ஒப்படைக்கின்றனவோ, அவர்களே ஆட்சிக் குழு. கவுன்சில், கமிட்டி, இயக்குநர்கள், அறங்காவலர்கள் என்று பெயர் எதுவாகவும் இருக்கலாம். விதியில் எழுதியிருப்பதுதான் கணக்கு. அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், அவர்கள் முகவரி என்ன, தொழில் என்ன என்று ஆண்டுதோறும் பதிவாளரிடம் பட்டியல் கொடுக்க வேண்டும். சங்கத்தின் நோக்கத்தை மாற்ற வேண்டுமானால் ஒரு சிறப்புக் கூட்டத்தில் ஐந்தில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். ஒரு மாதம் கழித்து இன்னொரு கூட்டம் கூட்டி, மறுபடியும் ஐந்தில் மூன்று பங்கு வேண்டும். இடையில் எதற்கு அந்த ஒரு மாதம்? ஆவேசத்தில் எடுத்த முடிவு ஆறிப்போகட்டும் என்றுதான். 160 வருஷத்துக்கு முன்னால் எழுதியவர்களுக்கு மனிதர்களின் குணம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. தமிழ்நாட்டில் சங்கங்களுக்கென்று 1975-இல் தனிச் சட்டமே வந்தது. உன் பள்ளியின் பழைய மாணவர் சங்கத்தை என்றைக்காவது பதிவு செய்யப் போனால் அதைப் படிக்க வேண்டியிருக்கும்.

டெல்லிக்கு வருகிறேன். அங்கே பெரிய சபை தேசியக் கவுன்சில். மாநிலங்களின் பிரதிநிதிகள் உட்காரும் இடம் அது. தலைவரையும் துணைத் தலைவர்களையும் தேர்ந்தெடுப்பது அந்தச் சபைதான். சபை கூடிக் கலைந்துவிடும். ஆண்டு முழுக்க வேலை ஓட வேண்டுமே, அதற்காக அதைவிடச் சிறிய தேசிய செயற்குழு. அன்றாட வேலையை முன்னின்று நடத்துபவர் தேசிய முதன்மை ஆணையர். இவர்களுக்கெல்லாம் கீழே, சம்பளத்துக்கு வேலை பார்க்கும் இயக்குநரும் அலுவலகமும். அந்தத் தலைமையகக் கட்டடத்தின் பெயர் லட்சுமி மஜும்தார் பவன். பல ஆண்டுகள் தேசிய ஆணையராக இருந்த அம்மையாரின் பெயர் அது. புரவலர் பெயரையோ அமைச்சர் பெயரையோ வைக்காமல், வேலை பார்த்தவர் பெயரை வைத்திருக்கிறார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

"மாநிலப் பிரதிநிதி" என்றதும் நீ 28 மாநிலத்தை எண்ண ஆரம்பித்திருப்பாய். நிறுத்து. நம் இயக்கத்தின் வரைபடம் வேறு. இங்கே தெற்கு ரயில்வே ஒரு மாநிலம், மதுரைக் கோட்டம் அதில் ஒரு மாவட்டம். கேந்திரிய வித்யாலயா ஒரு மாநிலம். நவோதயா ஒரு மாநிலம். ரயில்வே காலனியில் முடிச்சுப் போடக் கற்றுக்கொண்ட பையனும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் பையனும் ஒரே தெருவில் வளர்ந்தாலும், கவுன்சிலில் அவர்களுக்காகப் பேசுபவர்கள் வேறு வேறு. ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீட்டில் ஆளெடுப்பது உனக்குத் தெரியும். அவர்களுக்கென்று ஒரு மாநிலமே இருப்பது இப்போதுதான் தெரிகிறது, இல்லையா?

"ஏன் எல்லாப் பதவியிலும் இரண்டிரண்டு பேர்? மாவட்ட ஆணையர் சாரணர், மாவட்ட ஆணையர் சாரணியர் என்று? வீண் செலவு" என்றும் எழுதியிருக்கிறாய். இதற்கு மட்டும் உன்னைக் கொஞ்சம் திட்டத்தான் வேண்டும். வீணில்லை தம்பி, அது வரலாறு. இந்தியப் பையன்களைச் சாரணராகச் சேர்த்துக்கொள்ளாத காலத்தில், 1916-இல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் இந்தியப் பிள்ளைகளுக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். வடக்கே மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் மூவரும் சேவா சமிதி சாரணர்களை உருவாக்கினார்கள். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1921-இல் இந்தியா வந்துபோன பிறகும் எல்லோரும் ஒரே குடையின் கீழ் வரவில்லை. விடுதலைக்குப் பிறகு 1950 நவம்பர் 7-ஆம் தேதிதான் இரண்டு பெரிய சாரணர் சங்கங்கள் ஒன்றாயின. பெண்களின் கைடு சங்கம் வந்து சேர்ந்தது அடுத்த வருஷம், 1951 ஆகஸ்ட் 15 அன்று. தனி வீடாக வாழ்ந்தவர்கள் கூட்டுக் குடும்பத்துக்கு வரும்போது தங்கள் அடுப்படியை விட்டுக்கொடுக்காமல் வந்தார்கள். அதனால்தான் இன்றைக்கும் ஒவ்வொரு படியிலும் சாரணியருக்கென்று தனி ஆணையர். உலக அளவிலும் நாம் இரண்டு அமைப்புகளில் உறுப்பினர். அதற்கேற்ப சர்வதேச ஆணையரும் இருவர். அந்த இரண்டாவது நாற்காலி இல்லாமல் போயிருந்தால், என் காலத்தில் என் சாரணியர் பெண்களை இரவு முகாமுக்கு அனுப்பலாமா என்பதை ஆண்கள் மட்டுமே உட்கார்ந்து முடிவு செய்திருப்பார்கள்.

இன்னொரு குழப்பமும் உனக்கு இருக்கிறது. என்.சி.சி. மாதிரி இதுவும் அரசாங்கத் துறை என்று நினைக்கிறாய். என்.சி.சி. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்தது. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. அங்கே உத்தரவு மேலிருந்து கீழே வரும். நமது அமைப்பில் ஆட்கள் கீழிருந்து மேலே போக வேண்டும். என்.சி.சி.க்கு வழி சொன்ன குழுவின் தலைவரும் நம் இயக்கத்தின் முதல் தேசிய ஆணையரும் அதே குன்ஸ்ருதான். ஒரே மனிதர் இரண்டு வேலைக்கு இரண்டு விதமான வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார். நீ ஒன்றின் சாவியை மற்றதில் போட்டுத் திருகாதே.

"கீழிருந்து மேலே என்கிறீர்களே, யாராவது நிஜமாகவே ஓட்டுப் போடுகிறார்களா?" என்று அடுத்ததாகக் கேட்பாய். போடுகிறார்கள். 2017 செப்டம்பரில் நம் மாநில இயக்கத்தின் தலைவர் பதவிக்குத் தேர்தல் நடந்தது நினைவிருக்கிறதா? பா.ஜ.க.வின் தேசியச் செயலாளராக இருந்த எச். ராஜா ஒரு பக்கம், கல்வித் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பி. மணி இன்னொரு பக்கம். தொலைக்காட்சியில் எல்லாம் வந்தது. மணிக்கு 232 வாக்கு, ராஜாவுக்கு 52. கட்சியை விட்டுவிட்டு அந்த எண்ணிக்கையை மட்டும் பார். மாநிலம் முழுக்க அத்தனை பள்ளிகள், அத்தனை பிள்ளைகள். தலைவரைத் தீர்மானித்தது முந்நூறு வாக்குகூட இல்லை. ஒரு கல்யாண மண்டபத்தின் முதல் பந்தியில் உட்காரும் கூட்டம்தான் அது. அந்த முந்நூறு பேரில் உன் மாவட்டத்தின் ஆள் யார்? உனக்குத் தெரியாது. நீ சென்ற கூட்டத்தில் அதைத்தான் முடிவு செய்திருப்பார்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு நீ போண்டா சாப்பிடப் போயிருப்பாய்.

கோபித்துக்கொள்ளாதே. நானும் அந்த வரிசையில் நின்றவள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கூட்டம். வரவு செலவைப் படித்தார்கள். படித்தார்கள் என்ன, பக்கத்தைத் திருப்பினார்கள். "ஏற்றுக்கொள்ளப்படுகிறது" என்றதும் எல்லோரும் கைதட்டினோம். முகாமுக்கு என்று பிள்ளைகளிடம் வாங்கிய பணத்தில் கூடாரம் வாங்கியதாக எழுதியிருந்தது. அந்த ஆண்டு என் பெண்கள் பள்ளி வராந்தாவில்தான் படுத்தார்கள். எனக்கு அது தெரியும். ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

ஏன் எழுந்திருக்கவில்லை என்று சொல்கிறேன், இதுதான் முக்கியம். பல மாவட்டங்களில் கல்வி அதிகாரியே இயக்கத்தின் ஆணையராகவும் இருப்பார். அதனால் நன்மையும் உண்டு. அவர் ஒரு சுற்றறிக்கை விட்டால் முகாமுக்குத் தலைமை ஆசிரியர் மறுபேச்சுப் பேசாமல் அனுப்புவார். ஆனால் என்னுடைய விடுப்பும் இடமாறுதலும் யார் கையில் இருக்கிறதோ, அவரிடமே கூடாரக் கணக்கைக் கேட்க வேண்டும் என்றால் எத்தனை பேருக்கு வாய் வரும்? ஆட்சிக் குழுவில் நீ பார்க்க வேண்டியது இதைத்தான் தம்பி. யார் பெரியவர் என்று பார்க்காதே. கேட்கிறவரும் பதில் சொல்ல வேண்டியவரும் ஒரே ஆளாக இருக்கிறாரா, கேட்கிறவரின் சோறு பதில் சொல்கிறவர் கையில் இருக்கிறதா என்று பார். செலவு செய்பவர் செயலர், பணத்தை வைத்திருப்பவர் பொருளாளர், இருவரையும் கேட்பது செயற்குழு, செயற்குழுவைக் கேட்பது கவுன்சில். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி இன்னொன்றின் மேல் ஏறி உட்கார்ந்தால், எந்தக் கட்டடத்தில் கூடினாலும் அது கூட்டமாக மட்டுமே இருக்கும்.

"நான் முடிச்சும் முதலுதவியும் சொல்லிக்கொடுக்க வந்தவன், எனக்கெதற்கு அரசியல்?" என்பாய். உன் மரியாதை மன்றத்தைக் கூட்டினாயா? கூட்டவில்லை, அப்படித்தானே? ஆறிலிருந்து எட்டுப் பிள்ளைகள் ஓர் அணி. அணித் தலைவர்கள் கூடுவது மரியாதை மன்றம். நீ அங்கே ஆலோசகர் மட்டும். இயக்கத்தின் மிகச் சிறிய ஆட்சிக் குழு அதுதான். டெல்லியில் இருப்பதன் வித்து அங்கேதான் இருக்கிறது.

என் சாரணியர் கம்பெனியில் மல்லிகை, தாமரை, ரோஜா, செம்பருத்தி என்று நான்கு அணி. ஒரு சனிக்கிழமை வேப்பமரத்தடியில் பாய் விரித்து மன்றம் கூடியது. எட்டாம் வகுப்புச் செம்பருத்தித் தலைவி கோடு போட்ட நோட்டில் குறிப்பு எழுதுகிறாள். மல்லிகைத் தலைவி கணக்குப் படிக்கிறாள்: கயிறு 240, மண்ணெண்ணெய் 60, இதர செலவு 85. ரோஜாத் தலைவி பென்சிலை அந்த இடத்தில் வைத்து, "இதர செலவுன்னா என்னக்கா?" என்றாள். ஒருவரும் பேசவில்லை. மல்லிகைத் தலைவி கண் கலங்கி, சமையல் அன்று உப்பும் எண்ணெயும் மறந்துபோய்க் கடையில் வாங்கியதைச் சொன்னாள். "அப்போ உப்பு, எண்ணெய்னு எழுதிடலாம்" என்று செம்பருத்தி அடித்துவிட்டு எழுதினாள். அவ்வளவுதான். யாரும் யாரையும் திருடி என்று சொல்லவில்லை. நான் வாயைத் திறக்கவே இல்லை. பதின்மூன்று வயதுப் பெண் அரை நிமிஷத்தில் செய்ததை நான் அந்தப் பெரிய மண்டபத்தில் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அடுத்த மாவட்டக் கூட்டத்தில் எழுந்து கூடாரத்தைப் பற்றிக் கேட்டேன். ரசீது உடனே வரவில்லை. ஆனால் அதற்கடுத்த ஆண்டிலிருந்து கணக்கைப் பக்கம் பக்கமாகப் படித்தார்கள்.

மேலே உள்ள சபைகளில் இளைஞர்கள் எங்கே என்று நீ கேட்காதது எனக்கு வருத்தம். அது நீ கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி. 25 வயது வரை ரோவர், ரேஞ்சர் என்று பிள்ளைகள் இருக்கிற இயக்கத்தில், மேடையில் நரை இல்லாத தலை எத்தனை இருந்தது? உலக சாரணர் குழுவில் தேர்தலில் வந்த 12 பேரோடு ஆறு இளைஞர் ஆலோசகர்களையும் உட்கார வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு வாக்கு இல்லை, பேச்சு உண்டு. அது போதாது என்பதுதான் என் எண்ணம். ஆனால் நம் மாவட்டத்தில் அந்தப் பேச்சாவது இருக்கட்டும். உன் பள்ளியில் படித்து இப்போது கல்லூரியில் இருக்கும் ரோவர் பையன் ஒருவனைக் கூட்டத்துக்கு அழைத்துப் போக அனுமதி கேள்.

ஏ.பி.ஆர்.ஓ. என்று நம் ஆட்கள் சொல்லும் விதிப் புத்தகம் உன் பள்ளி பீரோவில் பழைய கொடிகளுக்கு அடியில் இருக்கும். தூசி தட்டி, மாவட்டச் சங்கம் பற்றிய பகுதியை மட்டுமாவது படி. யார் உறுப்பினர், எத்தனை நாள் முன்னால் அறிவிப்பு வர வேண்டும், எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும் என்பதைப் பென்சிலால் கோடிட்டு வை. பிறகு போன கூட்டத்தின் மினிட்ஸ் நகலைச் செயலரிடம் மரியாதையாகக் கேட்டு வாங்கு. தயங்கினால் எழுதிக் கேள். வரும் சனிக்கிழமை உன் மரியாதை மன்றத்தைக் கூட்டு. பிள்ளைகள் எழுதும் குறிப்பையும் அந்த நகலையும் ஒரே உறையில் வைத்து எனக்கு அனுப்பு. தபால் தலையை ஒழுங்காக ஒட்டு.

அன்புடன்,
அக்கா